5-10 என்று எழுதினோம், 10-5 என்று வாசித்தார்



இதை எழுதுவதா வேண்டாமா என்று எங்களுக்குள் பலமுறை பேசிக்கொண்டோம். எங்கள் பிழையை நாங்களே பொதுவில் சொல்லிக்கொள்வதில் இருந்த கூச்சம் ஒரு காரணம். கணினி நிரலைப் பற்றிய பேச்சு இப்பக்கங்களுக்கு உரியதுதானா என்ற ஐயம் மற்றொன்று. ஆயினும் ஜமாஅத்துகள் பலவும் இப்போது தங்களுக்கெனச் செயலி அமைத்து வருகின்றன. தமிழும் அரபியும் ஒரே வரியில் சேரும் இடத்தில் எங்களுக்கு நேர்ந்தது அவர்களுக்கும் நேரக்கூடும். ஆகவே எழுதுகிறோம்.

நாங்கள் மூவர். இருவர் நிரல் எழுதிப் பிழைப்பவர்கள். ஒருவர் காலையில் மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துவிட்டுப் பிறகு பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்துபவர். இராமநாதபுரக் கடற்கரையில் உள்ள எங்கள் ஊர்ப் பள்ளிவாசலுக்கென ஒரு கைப்பேசிச் செயலியை ஊதியமின்றிச் செய்து கொடுத்தோம். ஐவேளைத் தொழுகை நேரம், ஜும்ஆ அறிவிப்பு, மக்தப் பாடங்கள், வஃபாத் செய்தி ஆகியவை அதில் வரும். ஊரில் இருப்பவருக்கு ஒலிபெருக்கி போதும். வெளியூரிலும் வளைகுடாவிலும் இருப்பவர்களே செயலியை மிகுதியாகப் பார்த்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஊரில் ஒரு மூதாட்டி வஃபாத்தானார். அஸருக்குப் பின் ஜனாஸாத் தொழுகை என்று முடிவாயிற்று. மோதினார் தம் கைப்பேசியில் பெயரையும் தெருவையும் பதிந்துவிட்டு, நேரத்திற்கான கட்டத்தில் 5-10 என்று தட்டினார். ஐந்து மணி பத்து நிமிடத்தை அப்படி எழுதுவதுதான் நம் பக்கத்து வழக்கம். திருமண அழைப்பிதழிலும் ‘காலை 10-30 மணி’ என்றே அச்சிடுகிறோம். அறிவிப்பில் நேரத்திற்கு முன் வரும் தலைப்பை, ‘ஸலாத்துல் ஜனாஸா’ என்பதை, நாங்கள் அரபி எழுத்தில் அமைத்திருந்தோம். அதற்கு வேறு காரணம் ஒன்றுமில்லை. அழகாக இருந்தது.

மூதாட்டியின் தம்பி திருச்சியில் கடை வைத்திருப்பவர். வயது அறுபதைக் கடந்தவர். காலையில் செய்தி கேட்டவுடன் அக்கா மகனை அழைத்திருக்கிறார். அழுதுகொண்டிருந்த மருமகனால் அதிகம் பேச இயலவில்லை. “மாமா, பள்ளிவாசல் செயலியில் எல்லாம் போட்டிருக்கிறார்கள்” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இவர் திறந்து பார்த்தார். நேரம் 10-5 என்று இருந்தது. இரவு பத்து மணி ஐந்து நிமிடம் என்று கொண்டார். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வரக் காத்திருந்து இரவில் அடக்கம் செய்வது நம் ஊர்களில் புதிதன்று. ஆகையால் அவருக்கு ஐயமும் எழவில்லை. கல்லூரிக்குப் போயிருந்த மகள் வரட்டும் என்று காத்திருந்து, மூன்று மணிக்குமேல் புறப்பட்டு, இரவு எட்டே முக்காலுக்கு ஊர் வந்து சேர்ந்தார். மய்யித்து மஃரிபுக்கு முன்பே அடக்கப்பட்டிருந்தது.

எங்களை ஆளனுப்பி அழைத்தார்கள். அவர் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தார். கோபத்தோடு வருவார் என்று அஞ்சிப் போனோம். அவர் கைப்பேசியை எங்களிடம் நீட்டி, “பாருங்கள் தம்பி, நான் தவறாகப் படித்தேனா? கண் மங்கிவிட்டதா என்று எனக்கே தெரியவில்லை” என்றார். அவர் கண்ணில் குறையேதும் இல்லை. திரையில் 10-5 என்றே இருந்தது. மோதினாரின் கைப்பேசியை வாங்கிப் பார்த்தோம்; அவர் தட்டிய கட்டத்தில் 5-10. எங்கள் தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தோம், அங்கும் 5-10. எழுதியவர் சரியாக எழுதியிருக்கிறார், வாசித்தவர் சரியாக வாசித்திருக்கிறார், நடுவில் நாங்கள் நிற்கிறோம்.

எங்கள் ஊர் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவது. ஜனாஸாத் தொழுகை தவறியவர் கபுரடியில் தொழலாம் என்பது அம்மத்ஹபின் சட்டம். பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கி வந்த ஒருவர் இறந்ததைப் பிற்பாடு அறிந்த நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள், அக்கபுருக்குச் சென்று தொழுதார்கள் என்று புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் ஹதீஸ் உண்டு. ஹஸ்ரத் அதை எடுத்துச் சொல்லி, அவரை மையவாடிக்கு அழைத்துச் சென்றார். கைவிளக்கின் ஒளியில் தொழுதார்கள். நாங்களும் பின்னால் நின்றோம். தொழுது முடித்தபின் அவர், “முகத்தைப் பார்க்கவில்லையே” என்று மட்டும் சொன்னார். அதை யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மூவரும் மக்தபில் உட்கார்ந்து, நடந்தது என்னவென்று தேடினோம்.

திரையில் நமக்குத் தெரிவது ஒன்று. கணினிக்குள் இருப்பது வேறொன்று. உள்ளே எழுத்துகளுக்கு வலமும் இல்லை, இடமும் இல்லை. ஓதும் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக அவை நிற்கின்றன. அலிஃபும் ஒரே வரிசையில், அகரமும் ஒரே வரிசையில். அவ்வரிசையைத் திரையில் விரிக்கும்போதுதான் எந்த எழுத்து எப்பக்கமாக நகரவேண்டும் என்ற கேள்வி பிறக்கிறது. இதற்கென யூனிகோட் தரத்தில் ஒன்பதாம் இணைப்பாக ஒரு நெறிமுறை உள்ளது. இருதிசை நெறிமுறை என்று அதைச் சொல்லலாம். கைப்பேசி, உலாவி, கணினி யாவும் பெரும்பாலும் அதன்படியே நடக்கின்றன.

அந்நெறிமுறை எழுத்துகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது. தமக்கென உறுதியான திசை உடையவை முதல்வகை. தமிழ் எழுத்து இடமிருந்து வலம் போகும், அரபி எழுத்து வலமிருந்து இடம் போகும், இவற்றில் ஐயமில்லை. இரண்டாம் வகை எண்கள். இவற்றின் திசைப்பிடிப்பு மெலிந்தது. ஓர் எண்ணின் இலக்கங்கள் எங்கும் இடமிருந்து வலமாகவே நிற்கும். அரபியிலும் 25 என்பது 25தான். ஆனால் இரண்டு எண்கள் அடுத்தடுத்து வந்தால் எது எப்பக்கம் நிற்கும் என்பது அக்கம்பக்கத்தைப் பொறுத்தது. மூன்றாம் வகை இடைவெளி, அடைப்புக்குறி போன்றவை. இவற்றுக்குச் சொந்தத் திசை என்று எதுவுமில்லை. யார் நடுவே நிற்கின்றனவோ அவர்களோடு போய்விடும்.

இனி எங்கள் வரிக்கு வருவோம். முதலில் அரபித் தலைப்பு. அதன்பின் 5, பிறகு சிறுகோடு, பிறகு 10. எண்ணுக்கு முன்னால் கடைசியாக வந்த உறுதியான எழுத்து அரபி எழுத்தாக இருந்தால், அவ்வெண்ணை அரபிச் சூழலின் எண்ணாகக் கொள்ளவேண்டும் என்பது விதி. அப்படிக் கொண்டபின், இரண்டு எண்களுக்கு நடுவிலுள்ள சிறுகோடு அவற்றை ஒன்றாகக் கட்டி வைக்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. அது வெறும் நடுநிலைக் குறியாகி அரபியோடு சேர்ந்துகொள்கிறது. வலப்பக்கம் 5, அதற்கு இடப்பக்கம் கோடு, அதற்கும் இடப்பக்கம் 10. தமிழ்க் கண்ணால் இடமிருந்து வாசித்தால் 10-5.

முக்காற்புள்ளி வைத்து 5:10 என்று எழுதியிருந்தால் இது நிகழாது. 5.10 என்று புள்ளி வைத்திருந்தாலும் நிகழாது, சாய்கோட்டுக்கும் இல்லை. அவை அரபிச் சூழலிலும் எண்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். சிறுகோடு ஒன்றுதான் கைவிடும். ஹீப்ரு எழுத்துக்குப் பின் இதே 5-10 வந்தால் புரளாது என்பது வியப்பான செய்தி. அவ்விதி ஹீப்ரு எழுத்துக்கு உரியதன்று. அதைவிட வியப்பு, மோதினார் நம் பழைய தமிழ் எண்களில் ௫-௧௦ என்று எழுதியிருந்தாலும் புரண்டிருக்காது. யூனிகோடில் தமிழ் எண்கள் தமிழ் எழுத்துகளைப் போலவே உறுதியான திசை பெற்றவை. அந்த எண்களை இன்று எத்தனை பேர் வாசிப்பார்கள் என்பது வேறு.

இது கணினியின் பிழையன்று என்பதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு விடியும்வரை ஆயிற்று. அரபி வாசகர் வலமிருந்து வருகிறார். அவர் முதலில் காண்பது 5, பிறகு 10. அவருக்கு அது சரியான வரிசை. நெறிமுறை அரபி வாசகருக்கு உண்மையாக நடந்துகொண்டது. தமிழ் வழக்கப்படி எழுதிய நேரத்தை அரபி வரியின் பகுதியாக ஒப்படைத்தவர்கள் நாங்களே. அழகுக்காகப் போட்ட ஒரு தலைப்பு ஒருவருக்குத் தம் அக்காவின் முகத்தை மறைத்துவிட்டது.

இதில் எங்களுக்கு மிகுந்த வெட்கத்தைத் தந்தது மற்றொன்று. இரு திசைகளில் வாசிப்பது நமக்குப் பிறந்தது முதலான பழக்கமன்றோ? சுப்ஹுக்குப் பின் மக்தபில் வலமிருந்து ஓதிவிட்டு, ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடத்தில் இடமிருந்து வாசித்து வளர்ந்தவர்கள் நாம். எங்களில் ஒருவரின் உம்மம்மா தமிழ் எழுத்து அறியாதவர். ஆனால் அரபுத் தமிழ்க் கிதாபுகளைத் தடையின்றி வாசிப்பார். மொழி தமிழ்; எழுத்து அரபி; அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளி கூட்டி ஆக்கிய எழுத்துகள். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் பாட்டிமார்களின் பெட்டிகளில் இன்றும் அவை கிடக்கும். பேரப்பிள்ளைகள் புத்தகத்தைப் ‘பின்னாலிருந்து’ திறக்கிறார் என்று சிரித்தால், “நீங்கள்தான் பின்னாலிருந்து திறக்கிறீர்கள்” என்பாராம். இத்தகைய வீடுகளில் வளர்ந்தும், இரு திசைகள் ஒரே வரியில் மோதும் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை. கணினி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டோம்.

மறுநாள் லுஹருக்குப் பின் ஹஸ்ரத்திடம் நடந்ததை விளக்கினோம். அவருக்கு நிரல் தெரியாது. ஆனால் சொன்னவுடன் விளங்கிக்கொண்டார். அலமாரியிலிருந்து, தாம் ஓதிய காலத்துக் கிதாப் ஒன்றை எடுத்து வந்தார். அரபி வரியின் ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் தமிழ்ப் பொருள் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. சொல்லுக்குச் சொல் பொருள் எழுதிப் படித்தவர்கள் இதை அறிவார்கள். ஒவ்வொரு தமிழ்ச் சொல்லும் தன்னளவில் இடமிருந்து வலம் போகிறது. ஆனால் முதல் சொல்லின் பொருள் வலக்கோடியிலும், அடுத்தது அதற்கு இடப்புறமும், அதற்கடுத்தது இன்னும் இடப்புறமுமாக நிற்கின்றன. தமிழை மட்டும் இடமிருந்து தொடர்ந்து வாசித்தால் வாக்கியம் தலைகீழாகும். ஹஸ்ரத் ஒவ்வொரு பொருளையும் சுற்றிச் சிறு கட்டம் வரைந்திருந்தார்.

“கட்டம் எதற்கு ஹஸ்ரத்?” என்று கேட்டோம்.

“கட்டம் போடாவிட்டால் பக்கத்துச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு சொல் சேர்ந்து மூன்றாவது ஒரு பொருளைக் கொடுத்துவிடும். கட்டத்துக்குள்ளே தமிழ் தன் வழியில் போகட்டும். கட்டங்கள் அரபியின் வழியில் போகட்டும்” என்றார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முந்தைய இரவு நாங்கள் படித்த தீர்வு இதுவேதான். 2013இல் வெளிவந்த யூனிகோடின் 6.3ஆம் பதிப்பு, தனிப்படுத்தும் குறிகள் என்று நான்கைச் சேர்த்தது. பதினறும எண்ணில் 2066 முதல் 2069 வரை உள்ளவை அவை. கண்ணுக்குத் தெரியாதவை. இடமிருந்து வலம் போகும் கட்டத்தைத் திறக்க ஒன்று. வலமிருந்து இடம் போகும் கட்டத்தைத் திறக்க ஒன்று. உள்ளே வரும் முதல் உறுதியான எழுத்தைப் பார்த்துத் திசையைத் தீர்மானிக்கும் கட்டத்திற்கு ஒன்று. மூன்றையும் மூடுவதற்கு ஒன்று. கட்டத்துக்குள் இருப்பது வெளியே உள்ளதன் வரிசையைக் குலைக்காது. வெளியே உள்ளதும் உள்ளே புகாது. வலைப்பக்கங்களில் இதையே செய்வதற்குப் பிடிஐ என்ற குறி உண்டு.

படித்தவுடன் அதைச் செய்திருந்தால் ஒரு வேதனை மிச்சமாகியிருக்கும். விடியற்காலை அவசரத்தில் நாங்கள் முதலில் கைவைத்தது வேறொன்றில். எல்லா எழுத்தையும் இடமிருந்து வலமாகவே காட்டு என்று வலிந்து கட்டளையிடும் பழைய குறி ஒன்று யூனிகோடில் உண்டு. அதை அறிவிப்பின் தொடக்கத்தில் வைத்தோம். 5-10 சரியாக நின்றது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு மேல்வரியைப் பார்த்தோம். பிஸ்மியின் எழுத்துகள் முன்பின்னாகப் புரண்டு கிடந்தன. அல்லாஹ்வின் திருநாமம் கடைசி எழுத்திலிருந்து தொடங்கியது. சோதனைக்கு வைத்திருந்த ஒரே ஒரு கைப்பேசியில்தான். வேறு யாரும் பார்க்கவில்லை. ஆயினும் கை நடுங்கியே அதை நீக்கினோம். முற்காலத்தில் அரபி அறியாத வடிவமைப்பு மென்பொருள்களில் சுவரொட்டி செய்தவர்கள், எழுத்து பிரிந்தும் புரண்டும் நின்ற அரபி வாசகங்களை அறியாமல் அச்சிட்டுவிடுவார்கள். அவற்றைக் கண்டு நாங்கள் எத்தனையோ முறை குறை பேசியிருக்கிறோம்.

அந்த வலிந்து திருப்பும் குறிகளுக்கு வேறொரு கெட்ட பெயரும் உண்டு. நிரலில் அவற்றை ஒளித்துவைத்து, வாசிக்கும் கண்ணுக்கு ஒரு பொருளும் இயங்கும் கணினிக்கு வேறொரு பொருளும் தோன்றச் செய்யலாம் என்று 2021இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் காட்டினார்கள். நாங்கள் யாரையும் ஏமாற்ற எண்ணவில்லை. எண்ணாமலேயே அதைத்தான் செய்திருந்தோம்.

இன்னொரு சிறு தவறான வழியையும் சொல்லிவிடுகிறோம். எண்ணுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத இடவலக் குறி ஒன்றை இட்டுத் தரவுத்தளத்திலேயே சேமித்துவிடலாம் என்றார் எங்களில் ஒருவர். திரையில் சரியாகவே நிற்கும். ஆனால் அந்தக் குறி எண்ணோடு ஒட்டிக்கொண்டு எங்கும் போகும். தேடினால் கிடைக்காது. தொலைபேசி எண்ணைப் பிரதியெடுத்து ஒட்டினால், எண் சரியாகத் தெரிந்தும் அழைப்பு போகாமல் நிற்கலாம். ஆகவே சேமிப்பது மோதினார் தட்டியபடியே இருக்கட்டும், கட்டம் காட்டும்போது மட்டும் வரட்டும் என்று முடிவு செய்தோம்.

தலைப்பையே தமிழில் மாற்றிவிட்டால் வேலை முடிந்ததே என்று நீங்கள் கேட்கலாம். அதையும் செய்தோம். இப்போது ‘ஜனாஸாத் தொழுகை’ என்று தமிழில்தான் இருக்கிறது. ஆனால் அரபி வரும் இடம் அது ஒன்று மட்டுமா?

பழைய பதிவுகள் அனைத்தையும் அடுத்த வெள்ளிக்கிழமைவரை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். வஃபாத் செய்திகள் இன்னா லில்லாஹி என்று அரபியில் தொடங்கின. பத்தியின் முதல் உறுதியான எழுத்து எதுவோ அதுவே பத்தி முழுவதன் திசை என்று நாங்கள் விட்டிருந்ததால், பின்வரும் தமிழ் வரிகள் யாவும் வலப்பக்க ஓரத்தில் ஒட்டி நின்றன. முற்றுப்புள்ளி இடக்கோடியில் தனியே கிடந்தது. அரபிப் பெயருக்குப் பின் வந்த தொலைபேசி எண்களில், ஐந்து ஐந்தாகப் பிரித்து எழுதியவற்றின் இரு பாதிகளும் இடம் மாறியிருந்தன. நாட்டுக் குறியீட்டின் முன்னால் நிற்கவேண்டிய கூட்டல் குறி பின்னால் போயிருந்தது. 2013க்கு முந்தைய நெறிமுறையின்படி இயங்கிய பழைய கைப்பேசி ஒன்றில், அரபிச் சொல்லுக்குப் பின் வந்த அடைப்புக்குறியின் இரு முனைகளும் ஒரே பக்கமாக வளைந்து நின்றன. இவற்றை யாரும் எங்களிடம் முறையிட்டதில்லை. பார்த்தவர்கள் ஏதோ கோளாறு என்று எண்ணிக் கடந்துபோயிருப்பார்கள்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் கோணல்கள். தெரியாத ஒன்றுதான் எங்களைக் கலங்கச் செய்தது. மக்தப் பாடத்தில் ஆயத்தை அரபியில் கொடுத்து, அதன்பின் சூரா எண்ணையும் ஆயத்து எண்ணையும் சிறுகோட்டால் இணைத்து எழுதியிருந்தோம். மார்க்கம் நிறைவாக்கப்பட்டதைச் சொல்லும் ஆயத்து ஐந்தாம் சூராவின் மூன்றாம் ஆயத்தில் இருக்கிறது. 5-3 என்று எழுதியது திரையில் 3-5 என்று நின்றது. மூன்றாம் சூராவில் ஐந்தாம் ஆயத்தும் இருக்கிறது. பிள்ளை குர்ஆனைத் திறந்து அங்கே போய்ப் பார்த்தால் ஓர் ஆயத்து இருக்கும், வேறோர் ஆயத்து. அல்கஹ்ஃப் சூராவின் முதல் பத்து ஆயத்துகளை மனனம் செய்ய 1-10 என்று கொடுத்தது 10-1 என்று தெரிந்தது. அதைப் பத்தாம் சூராவின் முதல் ஆயத்து என்றும் கொள்ளலாம். 5:3 என்று முக்காற்புள்ளி இட்ட இடங்கள் தப்பின. ஆனால் 2:255-257 என்று தொடர்ந்த இடம் 257-2:255 ஆகிவிட்டது. மேற்கோள் காட்டுவது அமானத் என்று மேடைதோறும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பிள்ளைகளின் வகுப்புக்கு நாங்களே சென்று, எந்தெந்தப் பாடத்தில் எண் மாறியிருந்தது என்று சொல்லித் திருத்திக் கொடுத்தோம். ஒரு சிறுமி மட்டும், “எனக்கு அப்போதே தெரியும், உம்மாதான் பேசாமல் இரு என்றார்கள்” என்றாள்.

பக்கங்களின் அமைப்பைப் பற்றியும் ஒரு சொல். 2012இல் வந்த ஆண்ட்ராய்டின் 4.2ஆம் பதிப்பு முதல், இடம் வலம் என்று சொல்லாமல் தொடக்கம் முடிவு என்று சொல்லித் திரையை அமைக்கலாம். அரபி மொழியைத் தேர்ந்தால் திரை முழுவதும் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிக்கொள்ளும். எங்கள் செயலியின் மொழி தமிழ். ஆகையால் முழுவதும் திருப்புவது பொருந்தாது. குர்ஆன் பக்கங்கள் மட்டும் வலமிருந்து புரளவேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அதன் கீழே வரும் தமிழ் விளக்கப் பக்கங்கள் எப்பக்கம் புரளவேண்டும் என்பதில்தான் பல நாள் வாதிட்டோம். ஒரே விரல் மேலே ஒரு திசையிலும் கீழே எதிர்த்திசையிலும் தள்ளவேண்டுமா? மக்தப் ஆசிரியராகிய நண்பர், வீட்டிலுள்ள குர்ஆன் தமிழாக்கத்தைப் பாருங்கள், தமிழும் சேர்ந்து அரபியின் வழியில்தானே புரள்கிறது என்றார். அவர் சொன்னபடியே வைத்தோம். ஓதும் ஒலியை இயக்கும் பொத்தானின் முக்கோணத்தை மட்டும் திருப்பவில்லை. அது ஒலிநாடா ஓடும் திசையைக் காட்டுவது. அரபுச் செயலிகளிலும் அதைத் திருப்புவதில்லை.

எல்லாம் முடிந்துவிடவில்லை. மோதினார் தட்டும் கட்டத்தில் அரபியும் தமிழும் கலந்தால், எழுத்து விழும் இடத்தைக் காட்டும் கோடு வரியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தாவுகிறது. ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க விரலை இழுத்தால், நடுவே விட்டு இரண்டு துண்டுகளாக நிறம் மாறுகிறது. உள்ளே ஒட்டியிருப்பவை வெளியே பிரிந்து தெரிவதால் வருவது இது. இதற்கு முழுமையான தீர்வு எங்களிடம் இல்லை. அரபிக்கும் தமிழுக்கும் தனித்தனிக் கட்டம் வைத்துச் சமாளிக்கிறோம்.

ஒரு மாதம் கழித்து, திருச்சிப் பெரியவரைப் பார்க்கச் சென்றோம். கடையில் கூட்டம் இருந்தது. எங்களை உள்ளே உட்கார வைத்துத் தேநீர் வரவழைத்தார். ஒரு தாளில் வரைந்து, 5 எப்படி வலப்பக்கம் போயிற்று என்று காட்டினோம். பொறுமையாகக் கேட்டார். “ஆக, கணக்கு எழுதியவர் ஒரு பக்கமாக எழுதினார், நான் மறுபக்கமாகக் கூட்டினேன். அப்படித்தானே தம்பி?” என்றார். ஆம் என்றோம். எங்களை மன்னிக்கவேண்டும் என்று கேட்டோம். “அல்லாஹ் மன்னிப்பவன், வாப்பா. நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை” என்றார். பிறகு அக்காவைப் பற்றிப் பேசினார். சிறுவயதில் அவரை மக்தபுக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போனவரும், அலிஃப் எந்தப் பக்கமிருந்து தொடங்கும் என்று முதலில் காட்டியவரும் அந்த அக்காதான்.

மோதினார் இன்றும் சிறுகோடுதான் போடுகிறார். கோட்டை விட்டுவிட்டுப் புள்ளி வைக்கட்டுமா என்று ஒருமுறை கேட்டார். அவர் கை பழகியபடியே எழுதட்டும், கட்டம் போடுவது எங்கள் வேலை என்று சொல்லிவிட்டோம்.

சென்ற ரஜபில் பெரியவரின் மச்சான் ஒருவர் வஃபாத்தானார். அறிவிப்பு சரியாகவே வந்தது. சற்று நேரத்தில் பெரியவரிடமிருந்து பள்ளிவாசலுக்குத் தொலைபேசி வந்ததாம். செயலியில் பார்த்துவிட்டேன், இருந்தாலும் நேரத்தை ஒருமுறை வாயால் சொல்லிவிடுங்கள் என்று மோதினாரிடம் கேட்டிருக்கிறார்.